முப்பது எண்ணும் வரை

"ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா வண்டி நின்னுடுதும்மா," என்றார் அருளப்பன்.

"எடுக்காதீங்க," என்றாள் வெள்ளையம்மாள். அவள் தலை நிமிரவில்லை.

"எடுக்காம எப்படி? வீடு வந்தா இறங்கணுமே."

"இறங்குறப்ப வண்டி நிக்கத்தானே வேணும்? நிக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"வத்தலக்குண்டுலேருந்து இங்க வர்றதுக்குள்ள பதினோரு தடவை நின்னுச்சு. எழுதி வெச்சிருக்கேன்."

செம்பட்டியில் திண்டுக்கல் சாலையை ஒட்டி அவளுடைய பட்டறை. ஒரு தகரக் கூரை. ஒரு மேசை. பதினான்கு பிஸ்கட் டப்பாக்கள். கார்புரேட்டர் தவிர வேறு எதையும் அவள் தொடமாட்டாள். பஞ்சர் என்று வருகிறவர்களுக்கு எதிர்க்கடையைக் கை காட்டுவாள். வயது நாற்பத்திரண்டு.

அருளப்பனுக்கு அறுபத்து மூன்று. வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். நேரம் ஆனதும் விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிவிடுவது அவர் வேலை. ஒரு பஸ் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றாலும் அவருக்குக் கை அரிக்கும்.

கார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. பழைய பியட். வெண்ணெய் நிறம்.

"விட்டுட்டுப் போங்க ஐயா. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கலாம்."

"விட்டுட்டுப் போக வரலைம்மா. கத்துக்கிட்டுப் போக வந்தேன்."

வெள்ளையம்மாள் இப்போது நிமிர்ந்தாள்.

"இந்த வயசுலயா?"

"வண்டிக்கும் வயசாச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது கத்துக்கணுமே."

"எதுக்குக் கத்துக்கணும்?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். முன் இருக்கையில், இடது பக்கம், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை வைத்திருந்தாள்.

அருளப்பன் குரலைத் தணித்தார்.

"என் வீட்டுக்காரி. திரேசம்மா. ஆறு மாசத்துக்கு முந்தி பக்கவாதம் வந்துச்சு. கால் தேறிடுச்சு. கையும் ஓரளவு தேறிடுச்சு. பேச்சுதான் வரலை. நாம பேசுறது எல்லாம் புரியுது. ஆனா ஒரு வார்த்தையை எடுக்கிறதுக்குள்ள அவளுக்கு மூச்சு முட்டுது. எழுதவும் வரலை. திண்டுக்கல்ல பேச்சுப் பயிற்சி குடுக்கிற டாக்டரம்மா இருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை கூட்டிட்டு வாங்க, முதல் வருஷத்தை விட்டுட்டா அப்புறம் கஷ்டம்னு சொன்னாங்க."

"பஸ்ல போகலாமே."

"ஒரு தடவை போனோம். கண்டக்டர் எங்க போகணும்னு அவகிட்டக் கேட்டான். நான் பின்படியில ஏறிட்டிருந்தேன். அவ 'தி... தி...'ன்னு நிக்கிறா. 'சீக்கிரம் சொல்லும்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா'ன்னு கேட்டுட்டான். பஸ்ஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் பஸ் படியில காலை வைக்க மாட்டேங்கிறா."

வெள்ளையம்மாள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இந்தக் காரை நம்பித்தான் இருக்கேன். நடுவழியில நின்னா நானே சரி பண்ணணும். அவளை ரோட்டோரம் உக்கார வெச்சுட்டு ஆள் தேடிப் போக முடியாது. அவளுக்குப் பேச்சு திரும்பணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வெள்ளையம்மாள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காரிடம் போனாள். ஜன்னலருகே குனிந்தாள்.

"அக்கா, உள்ள புழுக்கமா இருக்குமே. இறங்கி வர்றீங்களா?"

திரேசம்மாள் அவளைப் பார்த்தாள். உதடுகள் குவிந்தன.

"அவ கார்லயே இருப்பா," என்றார் பின்னால் வந்த அருளப்பன். "அதான் அவளுக்குச் சௌகரியம்."

வெள்ளையம்மாள் திரும்பி நடந்தாள். ஒரு டப்பாவிலிருந்து சின்ன நட்டு ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

மறுபடியும் காரிடம் போனாள். கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடி, பேசாமல் நின்றாள்.

சாலையில் ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது.

மூன்றாவது லாரி போனபோது திரேசம்மாள் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

*

பட்டறையில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய இருக்கை ஒன்று கிடந்தது. வெள்ளையம்மாள் திரேசம்மாளை அதில் உட்கார வைத்தாள். மேசைமேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தாள்.

"கழட்டுங்க," என்றாள் அருளப்பனிடம்.

அவர் கார்புரேட்டரை இறக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டின்மேல் அடுக்கினார். மூடி, மிதவை, ஊசி, ஜெட்டுகள், வாஷர்கள். வரிசை பிசகாமல் வைத்தார்.

அவள் ஒரு ஜெட்டை எடுத்து, பெட்ரோல் வரும் அதன் ஊசித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கம்பி விட்டுக் குத்தினீங்களா?"

"இல்லை. வாயால ஊதினேன்."

"நல்லது. எல்லாம் இருக்கா?"

"முப்பத்தெட்டு. வீட்டுல கழட்டினப்பவும் முப்பத்தெட்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"முப்பத்தெட்டும் இதோடதா?"

அருளப்பன் துண்டின்மேல் குனிந்து மறுபடியும் பார்த்தார்.

வெள்ளையம்மாள் இரண்டு நகங்களால் ஒரு சின்ன ஸ்பிரிங்கைத் தூக்கினாள். மெல்லியது. வெள்ளி நிறம்.

"இது எந்தப் பேனாவோடது?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டினார். பொத்தானை அழுத்தினார். முனை வெளியே நிற்காமல் உள்ளே நழுவியது.

"சொந்த ஸ்பிரிங் தொலைஞ்சுபோச்சும்மா. அஞ்சு மாசத்துக்கு முந்தி, வீட்டுல தரையில வேட்டியை விரிச்சுக் கழட்டினேன். கடைசியா அது தெறிச்சுது. எங்க போச்சுன்னு தெரியலை. மூணு நாள் தேடினேன். அவ எந்திரிக்க முடியாம படுத்திருந்த கட்டிலையே தூக்கிப் பார்த்தேன். எண்ணிக்கை குறையக் கூடாதேன்னு இதைப் போட்டேன்."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு," என்றாள் வெள்ளையம்மாள். ஒரு நீள ஸ்க்ரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பெட்ரோலும் காத்தும் எவ்வளவு கலக்கணும்னு இதுதான் முடிவு பண்ணும். இதைப் பிடிச்சு வைக்கிறதுதான் அந்த ஸ்பிரிங்கோட வேலை. பிடி தளர்ந்தா என்ஜின் ஆடுற ஆட்டத்துல ஸ்க்ரூ தானாத் திரும்பிடும். நீங்க எங்க வெச்சாலும் அங்க நிக்காது."

அப்போது இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஸ்... ஸ்..."

திரேசம்மாள் முன்னால் சாய்ந்திருந்தாள். இடது கையைக் காற்றில் தள்ளித் தள்ளி, துணி தைப்பதுபோல் காட்டினாள்.

"தையல் மிஷினைச் சொல்றா," என்றார் அருளப்பன். "கை இப்படி ஆனதுக்கப்புறம் எதுக்குன்னு அந்த வாரமே புளோரா, என் தங்கச்சி மகள், அவகிட்டக் குடுத்துட்டோம். குடுத்ததுலேருந்து இப்படித்தான். கையைக் காட்டிக் காட்டி வருத்தப்படுவா. கை தேறட்டும் திரேசா, வேற மிஷின் வாங்கித் தர்றேன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்."

திரேசம்மாளின் கை மடிக்குத் திரும்பியது.

மேசை ஓரத்தில் இன்னொரு நட்டு வந்து உட்கார்ந்தது.

வெள்ளையம்மாள் டப்பாக்களைத் திறந்து தேடினாள். ஒரு ஸ்பிரிங் நீளமாக இருந்தது. ஒன்று முரடாக இருந்தது. ஒன்று பேனா ஸ்பிரிங்கைவிடத் தளர்ச்சி.

"இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லை. சொல்லி வெச்சா ஒரு மாசம் ஆகும்."

"அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்குக் கத்துக்கத்தானே வந்தீங்க?"

*

பட்டறைக்குள் ஒரு பச்சை அம்பாசிடர் நின்றது. கார்புரேட்டர் வேலை முடிந்திருந்தது. சுருதி சேர்ப்பது மட்டும் பாக்கி.

வெள்ளையம்மாள் அதைக் கிளப்பினாள். என்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடியது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி என்ஜின் மூடிமேல் வைத்தாள். தண்ணீர் நடுங்கியது.

"ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளிய திருப்புங்க. கையை எடுத்துடுங்க. முப்பது எண்ணுங்க. அப்புறம் தண்ணியைப் பாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அருளப்பன் கால் சுற்று திருப்பினார். எண்ணத் தொடங்கினார். தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கை நீண்டது. மறுபடியும் திருப்பினார்.

என்ஜின் இருமியது. அணைந்தது.

"எத்தனை எண்ணினீங்க?"

"எட்டு."

"முப்பது சொன்னேன்."

"சரியாகலைன்னு தெரிஞ்சுபோச்சே."

"எட்டுலயா?"

இரண்டாம் தடவை பன்னிரண்டு வரை போனார். அணைந்தது. மூன்றாம் தடவை பதினைந்து. நான்காம் தடவை மறுபடியும் எட்டு.

"ஐயா, இது பஸ் ஸ்டாண்ட் இல்லை. விசில் ஊதினா இது கிளம்பாது."

இருக்கையிலிருந்து திரேசம்மாள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு. ஆனால் குரலோடு வந்த சிரிப்பு.

அருளப்பன் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நோட்டில் இருந்தது.

"என்னைக் கிண்டல் பண்ணினா அவளுக்குக் கொண்டாட்டம்," என்றார். திரேசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஆமா ஆமா, இப்ப அந்த மதுரை பஸ் கதையைச் சொல்லணும் உனக்கு. நானே சொல்றேன். ஒரு நாள் டிரைவர் ஏறுறதுக்கு முன்னாடியே விசில் ஊதிட்டேன்மா. இன்னிக்கு வரைக்கும் விடமாட்டா."

ஒரு நட்டு.

"இது எதுக்கும்மா அடுக்குறீங்க?"

"என் கணக்கு."

ஐந்தாம் தடவையும் அணைந்தது. ஆறாம் தடவையும் அணைந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் தடவை அவர் கால் சுற்று திருப்பியதும், வெள்ளையம்மாள் அவருடைய வலது மணிக்கட்டை இரண்டு விரல்களால் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. நாடி பார்ப்பதுபோல் பிடித்தாள்.

பத்து. பதினைந்து. அவர் கை துடித்தது. அவள் விரல்கள் அங்கேயே இருந்தன. இருபது. இருபத்தொன்று.

இருபத்து நான்கில் என்ஜினின் சத்தம் மாறியது. யாரும் எதையும் தொடவில்லை. டம்ளர் தண்ணீரில் வளையங்கள் சிறுத்தன. முப்பதில் தண்ணீர் ஏறக்குறைய நின்றுவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் அருளப்பன்.

"பண்ணினீங்க. அப்பவே பண்ணிட்டீங்க."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"உள்ள போய்ச் சேர வேணாமா?"

அவள் விரல்களை எடுத்தாள்.

*

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது.

"அக்கா, உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?"

"பாதி போடுங்க," என்றார் அருளப்பன்.

ஒரு நட்டு.

திரேசம்மாள் டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். கீழே வைத்தாள்.

"நோட்டுல என்னென்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

"முன்பக்கத்துலேருந்து வண்டி. பின்பக்கத்துலேருந்து அவ. ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுறான்னு எழுதச் சொல்லியிருக்காங்க." பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேதி, எண். தேதி, எண். அடித்தல் திருத்தல் இல்லை. "நேத்துப் பத்தொன்பது."

"பத்தொன்பதும் அக்காவோடதா?"

அருளப்பன் டம்ளரைப் பார்த்தார்.

"தொடங்குவா. நான் முடிச்சு வைப்பேன். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்கிறாம்மா. பார்த்துட்டு இருக்க முடியலை."

வெள்ளையம்மாள் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தாள்.

மாலை நான்கு மணிக்குப் பியட்டின் கார்புரேட்டர் மறுபடியும் பூட்டப்பட்டது. பேனா ஸ்பிரிங்கோடுதான்.

"வந்த மாதிரியே போங்க. காலை எடுக்காம."

அதற்குள் நீண்டுவிட்டிருந்த மேசை ஓரத்து நட்டு வரிசையை அவள் ஒரு துணியில் வழித்துப் போட்டாள்.

"எண்ணிக்குங்க."

"பதினேழு," என்றார் அருளப்பன். "இது எந்த வண்டிக்கு?"

"உங்க வண்டிக்குத்தான்."

"எங்க போடணும்?"

"தெரிஞ்சா நாளைக்குக் கொண்டு வாங்க."

"தெரியலைன்னா?"

"அப்பவும் கொண்டு வாங்க. நட்டு எனக்கு வேணும்."

*

திரும்பும் வழியில் கார் ஒன்பது தடவை நின்றது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சமையலறைச் சுவரில் இருந்தது. அருளப்பன் நட்டுகளைச் சாப்பாட்டு மேசைமேல் கொட்டினார். ஐந்து ஐந்தாக மூன்று வரிசை. மிச்சம் இரண்டு. திரேசம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நோட்டைப் புரட்டினார். விரல் விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது.

"போறப்ப நம்ம வண்டி நின்னது பதினொண்ணு. அந்த அம்பாசிடர் அணைஞ்சது ஆறு. பதினொண்ணும் ஆறும் பதினேழு. வண்டி நின்ன கணக்கு, திரேசா!"

திரேசம்மாள் இல்லையென்று தலையாட்டினாள்.

"இல்லையா? கணக்கு சரியா வருதே."

"த..."

"தண்ணியா? இரு, எடுத்துட்டு வர்றேன்."

திரேசம்மாள் முதல் வரிசையிலிருந்து ஒரு நட்டை எடுத்தாள். அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடிக்கவில்லை.

"மி..."

"மின்விசிறியா? போடவா?"

இரண்டாவது நட்டு அவர் முன்னால் வந்தது.

"என்ன விளையாட்டு இது? அந்தம்மா அடுக்கின மாதிரியே நீயும் அடுக்குறே?"

"நா..."

"நாளைக்குப் போக வேணாமா? களைப்பா இருக்கா?"

மூன்றாவது நட்டு.

அருளப்பன் தன் முன்னால் இருந்த மூன்று நட்டுகளையும் பார்த்தார்.

பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். பட்டறை மேசையின் ஓரம் நினைவுக்கு வந்தது. முதல் நட்டு எப்போது வந்தது என்று யோசித்தார். அவ கார்லயே இருப்பா. இரண்டாவது? தையல் மிஷினைச் சொல்றா. மதுரை பஸ். பாதி போடுங்க. பதினேழையும் ஒவ்வொன்றாகத் தேடினார். பதினான்கு கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை. அந்த மூன்று தடவை என்ன சொன்னோம் என்றே அவருக்கு நினைவில்லை.

சுவரில் இருந்த வெயில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

"சொல்லு," என்றார்.

"ஸ்..."

அவர் வாய் திறந்தது. உடனே இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விரல்களால்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பத்தில் அவள் உதடுகள் மூடிக்கொண்டன. பதினைந்தில் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கண்ணைத் திருப்பிக்கொள்ள நினைத்தார். திருப்பவில்லை. இருபத்தைந்து. அவள் நெற்றியில் வியர்வை வந்தது. முப்பது.

ஒன்றும் வரவில்லை.

முப்பதுக்கு அப்புறம் என்ன செய்வது என்று வெள்ளையம்மாள் சொல்லியிருக்கவில்லை.

அவர் முப்பத்தொன்று என்று எண்ணினார்.

நாற்பத்து நான்கில் திரேசம்மாள், "ஸ்பிரிங்," என்றாள்.

முழுச் சொல். அவளுடைய பழைய குரல் இல்லை. தரையில் இழுத்த பெஞ்சு மாதிரி ஒரு குரல். ஆனால் முழுச் சொல்.

அவர் மணிக்கட்டை விடவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"மிஷின்," என்றாள் முப்பத்தாறில்.

அவருக்குள் எட்டுப் பத்து வாக்கியங்கள் எழுந்து வாசலுக்கு வந்தன. எல்லாவற்றையும் உள்ளேயே நிறுத்தினார்.

"டிராயர்ல," என்றாள் இருபத்தேழில். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

இன்னும் ஏதாவது இருக்கலாம் என்று அவர் மேலும் பத்து எண்ணினார். பிறகுதான் எழுந்தார்.

புளோரா வீடு இரண்டாவது தெருவில். அருளப்பன் செருப்புப் போட மறந்து நடந்தார்.

"என்ன மாமா, மிஷின் திரும்ப வேணுமா?" என்று கேட்டாள் புளோரா.

அவர் நேரே மிஷினிடம் போனார். டிராயரை இழுத்தார். பாபின்கள், ஒரு சாக்குக்கட்டி, உடைந்த ஊசிகள். அவற்றுக்குக் கீழே, மூலையில், பித்தளை நிறத்தில் அது கிடந்தது. அரை அங்குலம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்தார். நட்டுகளுக்குப் பக்கத்தில்.

"டிராயருக்குள்ள விழுந்ததை எப்ப பார்த்தே?"

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இருபத்திரண்டு.

"அன்னிக்கே."

அருளப்பன் நோட்டை எடுத்தார். வண்டியைக் கழற்றிய தேதியைப் பார்த்தார். நூற்று ஐம்பத்தொரு நாள்.

பின்பக்கத்தைத் திருப்பினார். அன்றைய தேதியை எழுதினார். முனை உள்ளே நழுவாமல் பேனாவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் எண்ணை எழுதினார்.

நான்கு.

முந்தின நாளைவிடப் பதினைந்து குறைவு. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை வெள்ளையம்மாளின் மேசையில் துணி முடிச்சை அவிழ்த்து வைத்தார்.

அவள் நட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டாள்.

"எங்க போடணும்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவள் டப்பாவை மூடினாள்.

அருளப்பன் ஸ்க்ரூவைக் கழற்றினார். பேனா ஸ்பிரிங்கை எடுத்துப் பேனாவில் போட்டார். பித்தளை ஸ்பிரிங்கை ஸ்க்ரூவில் மாட்டினார். ஸ்க்ரூவை அடி தட்டும்வரை விரலாலேயே மூடி, பிறகு ஒன்றே முக்கால் சுற்று வெளியே எடுத்தார். வண்டியைக் கிளப்பினார். திரேசம்மாள் தன் இடத்தில், முன் இருக்கையின் இடது பக்கத்தில் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

டம்ளர் தண்ணீர் நடுங்கியது. கால் சுற்று திருப்பினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முப்பது எண்ணினார். மறுபடியும் கால் சுற்று. மறுபடியும் முப்பது.

மூன்றாம் தடவை தண்ணீர் நின்றது.

வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்தினார். காலை எடுத்தார். எடுத்த காலை வெளியே மண்ணில் வைத்தார்.

வண்டி நிற்கவில்லை. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாள் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"அந்த ஸ்பிரிங் எங்கதான் இருந்துச்சு?"

அருளப்பன் வாயைத் திறந்தார். மூடினார். இடது பக்கம் திரும்பினார்.

வெள்ளையம்மாளும் திரும்பினாள்.

சாலையில் ஒரு லாரி போனது. ஒரு மாட்டு வண்டி போனது. திண்டுக்கல் பஸ் ஒன்று வந்து, எதிரே நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அருளப்பன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை எண்ணினோம் என்பது அவருக்கு எங்கோ விட்டுப்போயிருந்தது.

திரேசம்மாள் வெள்ளையம்மாளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"இவரைக்... கேளுங்க," என்றாள். "இவருக்குத்தான்... எல்லாம்... தெரியுமே."